பழி குன்றின் மீதல்ல: எமது ஓட்டக் கழகச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த கூட்டத்தின் குறிப்பு எல்லோரையும் போல எனக்கும் கிடைத்தது. வரும் ஜனவரியில் ஸ்கொட்லாந்தின் ஃபைஃப் பகுதியிலுள்ள லோமண்ட் குன்றுகளில் நடைபெறவுள்ள ‘டெவில்ஸ் பேர்டன்ஸ்’ (சாத்தானின் சுமைகள்) அஞ்சலோட்டத்துக்குக் கழகம் அணி அனுப்பப் போவதில்லை என்றும், “கடந்த முறை நிகழ்ந்ததைக் கருத்திற்கொண்டு” இம்முடிவு எடுக்கப்பட்டது என்றும் அதில் ஒரு பத்தி இருந்தது. கடந்த முறை நிகழ்ந்தது எனக்கும் என்னோடு சோடியாக ஓடிய தம்பிக்கும்தான். எங்கள் இருவரிடமும் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இதைத் தொலைபேசியிலேயே சொல்லி முடித்திருப்பேன். முடிவு உறுப்பினர் எல்லோருக்கும் அறிவிக்கப்பட்டுவிட்டதால், பதிலும் எல்லோர் முன்னிலையிலும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

இந்த ஓட்டத்தை நேரில் பார்த்திராத உறுப்பினர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் நாமெல்லாம் ஓடிய அஞ்சலோட்டத்தில் ஆளுக்கு நூறு மீற்றர், கையில் கோல், இரு பக்கமும் கொட்டகையிலிருந்து கூச்சல். இங்கே அணிக்கு ஆறு பேர், நான்கு கட்டங்கள். முதலாம், நான்காம் கட்டங்களைத் தனி ஆளாகவும், இரண்டாம், மூன்றாம் கட்டங்களைச் சோடியாகவும் ஓடவேண்டும். சோடியில் ஒருவர் முந்திப் போய்ச் சேர்ந்து பயனில்லை, ஏனென்றால் இருவரும் சேர்ந்தேதான் போகவேண்டும். இருவரும் வந்து சேர்ந்தால்தான் அடுத்த கட்டம் புறப்படும். வேலியும் வெள்ளைக் கோடும் இல்லாத வெறும் மலைப்புல்லும் சேறும்தான் தடம். பெயருக்கும் ஒரு கதை உண்டு. பிஷப் குன்றின் மேற்குச் சரிவில் லொக் லெவன் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் கற்றூணைக் ‘கார்லின் மாகி’ என்பார்கள். மாகி ஒரு சூனியக்காரி. சாத்தானையே வாயாடி ஏசியவள். அவளைத் துரத்திய அவசரத்தில் அவன் போட்டுவிட்டுப் போன கற்சுமைதான் மேற்கு லோமண்ட் சரிவில் சிதறிக் கிடக்கும் கற்கள் என்றும், அவளைப் பிடித்து அந்தத் தூணாக்கிவிட்டான் என்றும் ஊரார் சொல்வார்கள். ஏசியதற்குத் தண்டனை கல்லாகிப் போவதுதான் என்றால் இம்மடலை எழுதும் எனக்கும் சற்றுப் பயமாகத்தான் இருக்கிறது.

இனி அன்றைய நாளுக்கு வருகிறேன். எங்களுடையது இரண்டாம் கட்டம்: கினஸ்வூட் கிராமத்திலிருந்து பிஷப் குன்றில் ஏறி, கிளென் வேல் பள்ளத்தாக்கில் இறங்கி, மீண்டும் மேற்கு லோமண்டின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து வடக்கே ஸ்ட்ரத்மிக்லோவுக்கு இறங்குவது. பிஷப் குன்று 461 மீற்றர். மேற்கு லோமண்ட் 522 மீற்றர், ஃபைஃப் முழுவதிலும் உயர்ந்த இடம் அதுதான். எண்களைக் கேட்டால் எவருக்கும் பயம் வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் கினஸ்வூட்டில் நிற்கும்போது 0 பாகையாக இருந்த குளிர், உச்சியில் இன்னும் இரண்டு மூன்று பாகை குறைந்திருக்கும். அதற்கு மேல் காற்று. 0 பாகையில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தாலே உடல் அதை மறை 7 பாகையாக உணரும். அன்று அதைவிடப் பலமாகவே அடித்தது.

முதற்கட்டம் ஓடிய அண்ணர் வந்து என் உள்ளங்கையில் அடித்தபோது நான் முக்கால் மணித்தியாலம் குளிரில் நின்றிருந்தேன். எப்போது மேலங்கியைக் கழற்றுவது, எப்போது துள்ளத் தொடங்குவது என்பதே ஒரு கலை என்பதை அன்றுதான் கற்றேன். தம்பி எனக்கு முன்னரே கழற்றிவிட்டார். வீதியில் 10 கிலோமீற்றரை 38 நிமிடத்தில் ஓடுபவர். மெல்லிய பனியனும் அரைக்காற்சட்டையும்தான் அவருடைய வழக்கமான கோலம். அந்த வேகத்தில் ஓடினால் உடம்பு தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அவர் அன்று அந்த வேகத்தில் ஓடவில்லை. என் வேகத்தில் ஓடினார்.

பிஷப் குன்றின் முதல் ஏற்றத்திலேயே நான் நடக்கத் தொடங்கிவிட்டேன். முந்நூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக ஏறும் இடத்தில் பெரும்பாலோர் நடக்கத்தான் செய்வார்கள். தம்பி பத்தடி முன்னே போவார், நிற்பார், திரும்பிப் பார்ப்பார், “அக்கா, அவசரமில்லை, ஆறுதலா வாங்கோ” என்பார். அந்தப் பண்பை நான் மறக்கமாட்டேன். ஆனால் ஒவ்வொரு நிற்பிலும் அவர் உடம்பிலிருந்து சூடு போய்க்கொண்டிருந்தது. கிளென் வேலுக்குள் இறங்கும்போது அவர் பேச்சுக் குறைந்திருந்தது. மேற்கு லோமண்டின் செங்குத்தில் அவர் பேசவே இல்லை. உச்சியில் பனிப்புகார் மூடியிருந்தது. முப்பதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மழையங்கியும் காற்சட்டையும் போடுவோம் என்றேன். அங்கியைப் போட்டார். மழைக்காற்சட்டையைப் பையிலிருந்து எடுத்தார். முதல்நாள் மாலை வாங்கியது, விலைச்சீட்டுக்கூட அறுக்கப்படவில்லை. அதன் கணுக்கால் பகுதியில் திறந்து மூடும் சிப் (zip) இல்லை. சேறு படிந்த ஆணிச் சப்பாத்தின் மேல் அது ஏறவில்லை. சப்பாத்தைக் கழற்றலாம் என்றால் நாடா முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. விரல்கள் மரத்துப்போய் இருவராலும் அதை அவிழ்க்க முடியவில்லை. என்னிடம் இருந்த எள்ளுருண்டையைக் கொடுத்தேன். குளிரில் கல்லாக இறுகியிருந்த அதை அவரால் கடிக்க முடியவில்லை. நான் கல்லில் தட்டி உடைத்துக் கொடுத்தேன்.

எனக்குள் பதற்றம் ஏறியது அப்போதுதான். பதற்றம் வந்தால் கால்கள் நல்ல பாதையைத் தேடும். உச்சியிலிருந்து கிழக்கே, இரு லோமண்டுகளுக்கும் நடுவிலுள்ள கிரெய்க்மீட் தரிப்பிடத்தை நோக்கி நன்றாகப் போடப்பட்ட அகலமான நடைபாதை ஒன்று இறங்குகிறது. வாரயிறுதி நடைபயணிகள் எல்லோரும் பாவிக்கும் பாதை. நாங்கள் போகவேண்டியது வடக்கே, பாதையே தெரியாத புற்சரிவில். திசைகாட்டி என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. தொண்ணூறு பாகை தவறி, அந்த நல்ல பாதையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தோம். எதிரே நாயுடன் வந்த ஓர் அம்மையார் சொல்லித்தான் தவறு தெரிந்தது. அவரே தன் கையுறையைக் கழற்றித் தம்பிக்குக் கொடுத்தார். ஸ்ட்ரத்மிக்லோவுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது, நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் மாதம் என்பதால், எஞ்சியிருந்த அணிகளின் மூன்றாம் கட்டச் சோடிகளை ஒன்றாகவே அனுப்பிவிட்டிருந்தார்கள். கை தட்டிக் கொடுக்க எங்கள் ஆட்கள் எவரும் அங்கே இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது சரியான ஏற்பாடு. ஆனால் வெறுங்கையை நீட்டிக்கொண்டு வந்து நின்ற அந்தக் கணம் இன்னும் எனக்கு வலிக்கிறது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு “அப்படியானால் எங்கள் முடிவு சரிதானே” என்று நீங்கள் சொல்லக்கூடும். இல்லை. அன்று நடந்த ஒவ்வொன்றும் கினஸ்வூட்டுக்கு வருவதற்கு முன்னரே கழக அறையில் தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

முதலில், சோடி சேர்த்த விதம். அணியில் அதிவேகமான ஒருவரோடு மிக மெதுவான ஒருவரைச் சேர்த்தால் வேகமானவர் மற்றவரை இழுத்துக்கொண்டு போவார் என்று அன்று சொல்லப்பட்டது, நானும் தலையாட்டினேன். வீதியில்கூட அது பாதி உண்மைதான். குளிர்காலக் குன்றிலோ அது முழுத் தவறு. மெதுவானவர் தன் முழு வலுவோடு உழைப்பதால் சூடாகவே இருப்பார். வேகமானவர்தான் பாதி உழைப்பில், மெல்லிய உடுப்பில், நின்று நின்று குளிர்ந்துபோவார். தம்பியைக் குளிரச் செய்தது மேற்கு லோமண்ட் அல்ல. என் நடையும், அதற்கு அவரைக் கட்டிப்போட்ட நமது அட்டவணையும்தான். ஏறத்தாழ ஒரே வேகமுள்ள இருவரைச் சேர்த்திருந்தால், அவர்கள் கடைசியாகவே வந்திருந்தாலும், இருவரும் சூடாக வந்திருப்பார்கள்.

அடுத்தது, நேரக் கணக்கு. நமது அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அரை மரதன் வேகத்தை வைத்து நிமிடம் போடப்பட்டிருந்தது. ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொல்லி வைத்த கணக்கு இன்றும் பாவனையில் உள்ளது: மூன்று மைலுக்கு ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் 2000 அடிக்கும் இன்னொரு மணித்தியாலம். அது நடப்பவர்களுக்கான கணக்கு. ஓடுபவர் அதைவிடக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏற்றத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்கவேண்டும் என்ற அடிப்படை இருவருக்கும் ஒன்றுதான். நமது தாளில் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. மூன்றாம் கட்டச் சோடி அந்தத் தாளை நம்பி முன்கூட்டியே மேலங்கியைக் கழற்றிவிட்டு, எங்களைக் காத்து ஸ்ட்ரத்மிக்லோவில் நடுங்கிக்கொண்டு நின்றதையும் குழு அறிய வேண்டும்.

பொருட்கள் பற்றியும் சொல்லவேண்டும். குன்றோட்டங்களில் வழக்கமாகக் கேட்கப்படுபவை காற்றும் மழையும் புகாத முழுவுடல் உடுப்பு, தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில், அவசர உணவு. எங்களிடம் அத்தனையும் இருந்தன, சோதனையிலும் சித்தியடைந்தோம். சோதனையில் ஒரு பொருள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மரத்த விரல்களால் அதை அணிய முடியுமா என்று பார்ப்பது நம் வேலை. 2012 ஏப்ரலில் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் நடந்த ஒரு பந்தயத்தில் ஓட்டவீரர் ஒருவர் உடல்வெப்பம் இழந்து உயிரிழந்தார். அதன் பிறகே பொருட்சோதனை பற்றியும், போனவர் எல்லோரும் திரும்பினார்களா என்று எண்ணுவது பற்றியும் விதிகள் இறுக்கப்பட்டன. ஏப்ரலில் அது நடந்தது. ஆகவே ஆபத்து இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆபத்து உண்டு என்பதனாலேயே ஆயத்தத்தைக் கேட்கிறேன்.

குறிப்பில் இன்னொரு வாசகமும் இருந்தது: இவ்வகை ஓட்டம் “எங்கட ஆக்களுக்கு ஒத்துவராது.” இதை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அன்று அங்கே ஓடியவர்களில் நரைத்த தலைகள் எத்தனையோ. அவர்களில் பலர் என்னைக் கடந்துபோகையில் என் பெயர் தெரியாமலே நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய இரத்தத்தில் குளிர் தாங்கும் மருந்து எதுவும் இல்லை. ஒக்டோபரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் குன்றில் ஏறி இறங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நாம் ஒரு தரமும் போகவில்லை. அன்று காலை வாகனத்தின் கண்ணாடியூடாகத்தான் அந்தக் குன்றை நம்மில் நால்வர் முதன்முதலாகப் பார்த்தோம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அணியை அனுப்புங்கள், ஆனால் கடந்த முறை போல அனுப்பாதீர்கள். ஆறு பேரையும் நவம்பருக்குள் தெரிவுசெய்யுங்கள். வீதி நேரத்தைப் பார்க்காமல், ஒரே ஏற்றத்தை எல்லோரையும் இரண்டு தரம் ஏறவைத்து, அருகருகே முடித்தவர்களைச் சோடியாக்குங்கள். எந்தக் கட்டத்தை ஓடப்போகிறார்களோ அந்தக் கட்டத்தை அவரவர் முன்னரே இரண்டு தடவையாவது ஓடிப்பார்க்கட்டும். அதில் ஒரு தடவையாவது பனிப்புகார் நாளாக அமைந்தால் நல்லது. வரைபடமும் திசைகாட்டியும் பாவிக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு சோடியிலும் ஒருவராவது இருக்கவேண்டும். தெரிந்தும் பார்க்காமல் விட்ட நான் அந்தத் தகுதியை மீண்டும் சம்பாதிக்கவேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கணுக்காலில் சிப் வைத்த மழைக்காற்சட்டை ஆறைக் கழகம் வாங்கி வைத்தால், ஆண்டுதோறும் ஓடுபவர்களுக்கு இரவல் கொடுக்கலாம். கோடைகால ஒன்றுகூடலில் மிஞ்சிய பணம் அதற்குப் போதும் என்று பொருளாளருக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவும் செய்து டிசம்பர் இறுதியில் ஆறு பேர் ஆயத்தமாக இல்லையென்றால், அணியை விலக்கிக்கொள்ளுங்கள். அப்போது நானே முதலில் கையெழுத்திடுவேன்.

தம்பியிடம் கடந்த வாரம் கேட்டேன். மீண்டும் ஓடத் தயார் என்றார். “ஆனா அக்கா, உங்களோட இல்லை” என்றும் சொல்லிச் சிரித்தார். அதுவே சரி.

நவம்பர் முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கிரெய்க்மீட் தரிப்பிடத்தில் நிற்பேன். அந்த அகலமான பாதையில் ஏறி, உச்சியில் திசைகாட்டியைப் பார்த்து, வடக்கே இறங்கும் சரிவை இந்தமுறை சரியாகக் கண்டுபிடிக்க உத்தேசம். செயற்குழுவில் எவர் வந்தாலும் மகிழ்ச்சி. கையுறை இரண்டு சோடி கொண்டுவாருங்கள், ஒன்று நனைந்துவிடும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
கடந்த முறை இரண்டாம் கட்டம் ஓடிய உறுப்பினர்