"ஆம்" என்று எழுதியவரிடம் ஒரு கேள்வியாவது கேளுங்கள்

வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களின் மனிதவளத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

கிடங்குப் பொறுப்பாளர் வேலைக்காகச் சென்ற மாதம் உங்களில் ஒருவரது அலுவலகத்தில் மூன்று சுற்று நேர்காணலை முடித்தேன். சம்பளம் பேசியாயிற்று, சேர வேண்டிய தேதியும் சொல்லிவிட்டார்கள். கடைசியாக ஒரு படிவம் வந்தது. அதன் இரண்டாம் பக்கக் கேள்வி உங்களுக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். எந்த நீதிமன்றமாவது உங்களைக் குற்றவாளி என்று தீர்மானித்திருக்கிறதா? ஆம், இல்லை. ஆம் எனில் விவரம் தருக.

விவரத்துக்கு விட்டிருந்த இடம் ஒரே ஒரு வரி. "ஆம்" என்பதைச் சுற்றி வட்டமிட்டேன். "2006, கையாடல் வழக்கு, நன்னடத்தைப் பிணையில் விடுவிப்பு" என்று எழுதியதும் இடம் தீர்ந்துவிட்டது. மறுநாள் மதியம் தொலைபேசி வந்தது. "நிறுவனத்தின் கொள்கை, சார்" என்றார்கள். அடுத்து ஏதாவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். வைத்துவிட்டார்கள்.

அந்த ஒரு வரியில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

2004இல் எனக்கு வயது 22. வசூல் எழுத்தராக இருந்தேன். நான்கு மாதங்களில் 38,000 ரூபாயைச் சிறுகச் சிறுக எடுத்தேன். கடன் இருந்தது உண்மைதான். அதைவிடப் பெரிய கடன் இருந்தவர்களும் அங்கே வேலை பார்த்தார்கள், அவர்கள் எடுக்கவில்லை. ஆகவே அந்தக் காரணத்தை நீட்டப்போவதில்லை.

கணக்கு இடித்தபோது சந்தேகம் என் மேல் விழவில்லை. எதிர் மேசையில் இருந்த மூத்தவர் மேல் விழுந்தது. பதினொரு நாள் அவரை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒவ்வொரு முறையும் முகம் கறுத்துத் திரும்பி வந்து உட்காருவார். நான் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். பன்னிரண்டாம் நாள்தான் வாய் திறந்து ஒப்புக்கொண்டேன். வழக்குப் போட்டது நான் எடுத்த பணத்துக்கு மட்டும்தான். அந்தப் பதினொரு நாள் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் இல்லை. எனக்கு இன்றும் தூக்கம் கலைவது அதனால்தான்.

வழக்கு, அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 408ஆம் பிரிவில், அதாவது வேலை பார்க்கும் இடத்தில் ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி. குற்றத்தை ஒப்புக்கொண்டேன், முதல் குற்றமும்கூட. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக இருப்பேன் என்ற பிணையில் நீதிமன்றம் என்னை விடுவித்தது.

முதல் ஒரு வருடம் நான் வருந்திக்கொண்டிருப்பதாகவே நினைத்தேன். பெயர் போயிற்றே, இனி யார் மதிப்பார்கள் என்று எனக்காகவே அழுதுகொண்டிருந்தேன். "நீ அழுவதால் அந்த மனிதருக்கு என்ன தம்பி கிடைக்கிறது?" என்று நன்னடத்தை அலுவலர் ஒருநாள் கேட்டார். கோபம்தான் வந்தது. கேள்வி உள்ளே இறங்க ஆறு மாதம் ஆயிற்று.

அதன் பிறகு அந்த மூத்தவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிறுத்தியே பேசினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "அப்பா, நீங்கள்தான் எடுத்தீர்களா என்று அன்றைக்கு என் மகள் கேட்டாள். அதற்கு நீ என்ன செய்வாய்?" என்றார். பதில் இல்லை. இன்றும் என்னிடம் இல்லை. பணத்துக்காவது பதில் சொல்லலாம் என்று பழைய முதலாளியிடம் மாதம் ஆயிரம் ரூபாயாக 38 மாதம் கட்டி முடித்தேன்.

முதன்முதலில் நூறு ரூபாயை எடுத்தபோது நாளைக்கே வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். தவறு நுழையும் வாசல் அதுதான் என்பது எனக்குத் தெரியும். அதனால் கையில் எது வந்தாலும் அன்றைக்கே இன்னொருவர் முன் எண்ணிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். சாவியைத் தனியாக வைத்துக்கொள்வதில்லை. எல்லாம் தெரிந்தே வேலை தந்த ஒருவரிடம் இப்படிப் பதினாறு ஆண்டுகள் கிடங்கைப் பார்த்துக்கொண்டேன். அவர் தொழிலை மூடியதால்தான் உங்களிடம் வந்தேன்.

இதில் ஒன்றையாவது நீங்கள் கேட்டிருக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களா? அதன் பின் எங்கே இருந்தீர்கள்? அங்கே யாரிடம் விசாரிக்கலாம்? "ஆம்" என்று எழுதியவரிடம் கேளுங்கள் என்பதே என் கோரிக்கை. கேட்ட பிறகு வேண்டாம் என்றால் தலைவணங்கி ஏற்கிறேன்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. குற்றத் தீர்ப்பையே அது அழித்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதும் தெரியும், மறைக்கவில்லை. அரசுப் பணிகள் பற்றிய 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பில், ஒருவர் உண்மையைச் சொன்னாலும் அவரது கடந்த காலத்தைப் பரிசீலிக்கும் உரிமை வேலை தருபவருக்கு உண்டு, நியமித்தே ஆக வேண்டிய கட்டாயமில்லை என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. பரிசீலிக்கும் உரிமை என்பதைத்தான் நானும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இருபது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்காமல் ஒரு வட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எந்த வகைப் பரிசீலனை?

1999இல் டெல்லி காவல்துறையில் தலைமைக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்த இளைஞர் ஒருவர், சமரசத்தில் முடிந்த அடிதடி வழக்கைப் படிவத்தில் குறிப்பிடவில்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சொன்னால் உடனே தகுதி போய்விடும் என்ற பயத்தில்தான் மறைத்திருப்பார் என்று நீதிபதிகள் எழுதினார்கள். அந்தப் பயத்தை உங்கள் படிவம் இன்றும் வளர்க்கிறது. "இல்லை என்று போட்டுவிடு, யார் தேடப்போகிறார்கள்" என்று எனக்குச் சொல்லாத நண்பர் இல்லை. பொய் எழுதியிருந்தால் இந்நேரம் உங்கள் கிடங்கில் இருந்திருப்பேன். ஒருமுறை பொய்யால் ஒரு மனிதரைத் தலைகுனிய வைத்தவனிடம், பிழைக்க வேண்டுமானால் மறுபடி பொய் சொல் என்கிறீர்கள். இது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. மறைக்காமல் சொல்கிறேன்.

இன்னொன்று. பதினெட்டு வயதுக்குள் செய்த குற்றங்களின் பதிவுகள், சில கொடுங்குற்ற வழக்குகள் தவிர, அழிக்கப்பட வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். உங்கள் கேள்வியில் வயது வரம்பே இல்லை. பதினாறு வயதில் தடுமாறிய பிள்ளை ஒன்று இதைப் பார்த்து எதை எழுதும்?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள்க. நான் கேட்பது சலுகை அல்ல. பணப்பெட்டிச் சாவியை என்னிடம் தராதீர்கள், ஆறு மாதம் சோதித்துப் பாருங்கள், மேலே ஒருவரை வையுங்கள், எல்லாவற்றுக்கும் சம்மதம். "ஆம் எனில் விவரம் தருக" என்பதன் கீழே இன்னும் நான்கு வரி இடம் விடுங்கள். எழுதியதைப் படித்துவிட்டு, எழுதியவரை ஒருமுறை எதிரில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

அடுத்த காலியிட அறிவிப்பு வந்ததும் மறுபடி விண்ணப்பிப்பேன். அப்போதும் "ஆம்" என்றே எழுதுவேன்.

இப்படிக்கு,
உங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும் ஒரு கிடங்குப் பணியாளர்