ஐந்து ரவுண்டு கோல்ஃப் வேண்டாம், மூன்று போதும்

அன்புள்ள மலர்,

நீ அனுப்பிய எக்செல் பார்த்தேன். போனில் பாதிக் கட்டம் தெரியவில்லை என்று தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தேன். ஆறு நாள், ஐந்து கோல்ஃப் கோர்ஸ், மூன்று ஹோட்டல், தினமும் காலை எட்டு மணிக்கு டீ டைம், அதாவது முதல் பந்தை அடிக்கிற நேரம். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "இது லீவா, இல்ல உங்க பழைய ஆபீஸ் இன்ஸ்பெக்‌ஷனா?" என்று கேட்டாள். வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டால் "ஓகேப்பா" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டத்துக்குப் புக் பண்ணிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து கடிதமாகவே எழுதுகிறேன்.

அல்கார்வ் என்று முடிவு பண்ணியது நல்லது. போர்ச்சுகலின் தெற்குக் கரை, இங்கிலாந்து நேரமும் அந்த ஊர் நேரமும் ஒன்றுதான், உன் கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். ஆனால் நீ போட்டிருக்கும் அக்டோபர் கடைசி வாரம் சரியில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு அப்போதுதான் விடுமுறை, பாதி இங்கிலாந்து அங்கே வந்து இறங்கும், விமான டிக்கெட்டும் ஏறிவிடும். மாதத்தின் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அதன்பிறகு ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும், சாயங்கால ரவுண்டு பாதியில் நிற்கும். நவம்பர் தொட்டால் மழை. ஆகவே அக்டோபர் முதல் இரண்டு வாரத்துக்குள் வைத்துக்கொள். அந்தக் கரையில் கோல்ஃபுக்கு நல்ல பருவம் வசந்தமும் இலையுதிர் காலமும்தான். ஜூலை ஆகஸ்ட் கடலில் குளிக்க வருபவர்களுக்கு.

கடல் என்றதும் ஞாபகம் வருகிறது. அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்கலாம் என்று இப்போதே கனவு காண்கிறாள். வெயில் இதமாக இருக்கும், ஆனால் அது அட்லாண்டிக் தண்ணீர். வசந்தத்தைவிட அக்டோபரில் கொஞ்சம் பரவாயில்லை என்றாலும், மெரினாவில் கால் நனைத்தவர்களுக்கு அது ஃப்ரிட்ஜ் தண்ணீர்தான். நீயே அவளிடம் சொல்லிவிடு. நான் சொன்னால் நான் என்னவோ தடுக்கிற மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் ஹோட்டல் விஷயம். மூன்று ஹோட்டல் எதற்கு? நான் ரிட்டயர் ஆன வருஷம் நண்பர்கள் எட்டுப் பேர் தாய்லாந்து போனோமே, அந்தக் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. ஏஜென்ட் கொடுத்த காகிதத்தில் 'கடலோர ரிசார்ட், தினமும் கோல்ஃப்' என்று இருந்தது. இரண்டும் உண்மைதான், ரிசார்ட் கடலோரத்தில் இருந்தது, கோல்ஃபும் தினமும் இருந்தது, ஆனால் கோர்ஸ் ஒன்றேகால் மணி நேரம் உள்ளே. விடியற்காலை நாலரைக்கு வேன் வந்து ஹார்ன் அடிக்கும். மூன்றாம் நாள் எட்டுப் பேரில் இரண்டு பேர்தான் வேனில் ஏறினோம், மிச்சப் பேர் நீச்சல் குளத்தில். அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்கு: கட்டிலிலிருந்து முதல் டீ, அதாவது ஆட்டம் தொடங்குகிற இடம் வரைக்கும் எத்தனை நிமிஷம்? மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தக் கணக்கில் பார்த்தால் விலமோராவிலேயே ஆறு நாளும் தங்கிவிடலாம். ஃபாரோ விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரம். அந்த ஒரே ஊரைச் சுற்றி ஓல்ட், பின்யால், லகூனா, மில்லேனியம், விக்டோரியா என்று கோர்ஸ்கள் இருக்கின்றன. ஓல்ட் 1969-ல் வந்தது, குடை மாதிரி விரிந்த பைன் மரங்களுக்கு நடுவே போகும், பந்து கோணலாகப் போனால் மரம் திருப்பி அனுப்பும். எனக்கு அது பிடிக்கும். விக்டோரியா (இப்போது எல்ஸ் கிளப் என்று மாறிவிட்டது) ஆர்னால்ட் பாமர் வடிவமைத்தது, 2007-லிருந்து 2022 வரை போர்ச்சுகல் மாஸ்டர்ஸ் போட்டி நடந்த இடம். பெயர் பெரியது, நீளமும் பெரியது, தண்ணீரும் நிறைய. என் 22 ஹேண்டிகேப்பை (எண் கூடக்கூட ஆட்டம் சுமார் என்று அர்த்தம்) வைத்துக்கொண்டு நான் அங்கே போய் பெரிய கட்டணம் கட்டி ஒரு டஜன் பந்தைக் குளத்தில் போட்டுவிட்டு வருவதில் யாருக்கு என்ன லாபம்? நீ ஆசைப்பட்டால், வெளியாட்களை விடுவார்களா என்று கேட்டுவிட்டு ஒரு நாள் தனியாகப் போய் ஆடிவிட்டு வா, நான் வண்டி நிறுத்துமிடம் வரை வருகிறேன்.

மூன்று ரவுண்டு என்று நான் சொல்வது சோம்பேறித்தனத்தில் இல்லை. முழங்கால் பற்றி உனக்குத் தெரியும். கண் பற்றி முழுசாகத் தெரியாது: வலது கண்ணில் புரை அறுவை ஆகிவிட்டது, இடது இன்னும் பாக்கி. இங்கே நந்தனம் கோர்ஸில் இது தெரியாமலே போகிறது, ஏனென்றால் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வருகிற கேடி இருபது வருஷமாக ஒரே ஆள். நான் அடித்துவிட்டு நிமிர்வதற்குள் அவர் பந்து விழுந்த இடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருப்பார். குழி இருக்கிற க்ரீனில் குனிந்து பார்த்து "ரெண்டு கப் லெஃப்ட் சார்" என்பார், நான் அடிப்பேன், பந்தைக் குழிக்குள் உருட்டுகிற புட்டிங்கில் அவ்வளவுதான் என் அறிவு. அங்கே கேடி கிடையாது. பக்கி என்கிற சின்ன வண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டிராலியை நாமே தள்ள வேண்டும். பந்தைப் பார்க்கிற வேலை உனக்கு. உன் ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டு என் பந்தையும் தேடிக்கொண்டு ஐந்து நாள் போனால் ஆறாம் நாள் நீ என்னோடு பேச மாட்டாய்.

ஓல்டில் ஒன்று, பக்கியோடு. லகூனாவில் ஒன்று, அதுவும் ஒன்பது ஹோலோடு நிறுத்திக்கொண்டாலும் சரி. மூன்றாவது நீ உன் பட்டியலில் போடாத இடம், பெனினா. விலமோராவிலிருந்து மேற்கே, போர்ட்டிமாவுக்கும் லாகோஸுக்கும் நடுவே, காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். என் கணக்குக்கு அது ஒத்துவராது என்று சொல்வாய். சொல்லிக்கொள்.

அல்கார்வில் முதலில் வந்த 18 ஹோல் கோர்ஸ் அதுதான், 1966. பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் போட்டியை 1934, 1937, 1948 என்று மூன்று தடவை ஜெயித்த ஹென்றி காட்டன் போட்டது. அவருக்குக் கொடுத்த நிலம் என்ன தெரியுமா? நெல் வயல். தண்ணீர் தேங்கி நிற்கிற வயல். அதை வற்ற வைக்க ஆயிரக்கணக்கில் மரம் நட்டார். பிறகு அங்கேயே குடியிருந்தார், பசிஃபிகோ என்று ஒரு கழுதை வளர்த்தார், அவர் ஆடும்போது மட்டை மூட்டையை அந்தக் கழுதைதான் சுமக்குமாம். ஆக அந்த ஊரிலும் கேடி இருந்திருக்கிறது, நான்கு காலோடு.

வெப்பமான ஊர் கோல்ஃப் மைதானங்களில் போடுகிற பெர்முடா புல் நம்ம அருகம்புல் ஜாதிதான். உன் தாத்தா மன்னார்குடி வயல் வரப்பில் உட்கார்ந்து அருகையும் கோரையையும் பிடுங்கிப் பிடுங்கியே முதுகு வளைந்தவர். நெல்லை எடுத்துவிட்டு அருகம்புல்லை நட்டு, அதில் நடக்கக் காசு வாங்குகிறார்கள் என்று சொல்லியிருந்தால் என்னையும் சேர்த்துத் திட்டியிருப்பார். அதனால்தான் அதைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. வயலாக இருந்ததால் தரை மட்டம், ஏற்ற இறக்கம் இல்லை, பக்கி இல்லாமல் உன்னோடு நடக்க முடியும் என்று நினைக்கிறேன். எட்டு வயதில் என் பழைய ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாயே, அதற்கப்புறம் நாம் பதினெட்டு ஹோலும் சேர்ந்து நடந்தது எத்தனை தடவை? நானும் எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல் போதும்.

மாப்பிள்ளையும் அம்மாவும் அந்த மூன்று நாளும் என்ன செய்வார்கள் என்று உன் எக்செல்லில் ஒரு கட்டம்கூட இல்லை. சில்வெஸில் அந்தக் காலத்தில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆண்ட மூர்கள் கட்டிய செங்கல் நிறக் கோட்டை இருக்கிறது, ஆரஞ்சுத் தோட்டம் நிறைய. ஆனால் கார் ஓட்டுவது வலது பக்கம் என்று அவருக்கு ஞாபகப்படுத்து. சாப்பாடு அம்மாவுக்குக் கஷ்டம்தான், எங்கே திரும்பினாலும் சுட்ட மத்தி மீன், அதனால் சமையலறை உள்ள வீடாகப் பார். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துகீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன வார்த்தைகள்தான், வீட்டுக்காரரிடம் சாவி கேட்கிற அளவுக்கு அம்மா சமாளித்துக்கொள்வாள்.

விசா: எங்களுக்கு இரண்டு வேண்டும், உங்கள் ஊருக்கு ஒன்று, போர்ச்சுகலுக்கு ஷெங்கன் என்கிற ஐரோப்பியப் பொது விசா ஒன்று. ஒரே பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இரண்டுக்கும் அலைய வேண்டும். ஷெங்கனுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். ஜூனிலேயே தொடங்குகிறேன், நீ தேதியை மட்டும் இந்த வாரம் உறுதி பண்ணு.

என் கோல்ஃப் செட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு விமானம் மாற மாட்டேன், அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். இடது கை செட் என்று இப்போதே எழுதிவிடு, போய் நின்ற பிறகு கேட்டால் இருக்காது. புட்டரை மட்டும் பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன். ஹேண்டிகேப் சான்றிதழ் சில கோர்ஸில் கேட்பார்களாம், உன்னுடையதையும் எடுத்து வை.

அம்மா பக்கத்தில் நின்று கேட்கச் சொல்கிறாள், அங்கே உறை குத்தத் தயிர் கிடைக்குமா, இல்லை இங்கிருந்தே கொண்டுவர வேண்டுமா?

அன்புடன்,
அப்பா