சி.ஏ.-125 கூடினாலே புற்றுநோய் ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் நீர்களில் புற்றுநோயைக் கண்டறிய உதவும் டியூமர் மார்க்கர்கள் என்ற பொருள்களைப் பற்றிய தங்கள் கட்டுரை அவற்றின் பயனைத் தெளிவாகச் சொன்னது. அவை ஏமாற்றும் இடத்தைத்தான் சொல்லவில்லை. நோய்க்குறியியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்ப்பவள் என்ற முறையில் அதைச் சேர்க்க விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வயிற்றில் நீர் கட்டிய இளம்பெண் ஒருவருக்கு, இரத்தத்தில் 35 யூனிட்டுக்குள் இருக்க வேண்டிய சி.ஏ.-125 என்ற மார்க்கர் அறுநூறைத் தாண்டியிருந்தது. சூலகப் புற்றுநோய் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டதால் வீடே இடிந்து போயிருந்தது. எங்களிடம் வந்த நீரிலோ லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள்தாம் நிறைந்திருந்தன, காசநோயில் உயரும் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவும் கூடியிருந்தது. வயிற்றுச் சவ்விலிருந்து எடுத்த சதைத்துணுக்கு காசநோய் என்று உறுதி செய்தது. ஆறு மாத மாத்திரையில் நீர் வற்றியது, சி.ஏ.-125-உம் தானாக இறங்கியது. அந்தப் பொருளை வயிற்றறையையும் நெஞ்சறையையும் உள்ளே போர்த்தியிருக்கும் உள்ளுறைச் செல்களே சுரப்பதால், காசநோய், கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு என எது அவற்றைத் தூண்டினாலும் எண் ஏறிவிடும்.

1965-இல் மாண்ட்ரியாலில் கோல்டும் ஃப்ரீட்மனும் கண்டறிந்த சி.இ.ஏ. என்ற இன்னொரு மார்க்கர் இந்த விஷயத்தில் சற்று நம்பகமானது. உள்ளுறைச் செல்கள் அதைச் சுரப்பதில்லை என்பதால், நெஞ்சு நீரிலோ வயிற்று நீரிலோ அது மிக அதிகமாக இருந்தால் சுரப்பித் திசுப் புற்றுநோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்; குறைவாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்று நிம்மதி கொள்ளவும் முடியாது.

என் அனுபவத்தில் மார்க்கர்கள் உண்மையில் கைகொடுப்பது நீரில் மிதக்கும் செல்களின் மீது அவற்றைக் காட்டும் சாயத்தைப் பூசிப் பார்க்கும்போதுதான். அழற்சியால் வீங்கிய உள்ளுறைச் செல் புற்றுச் செல்லைப் போலவே வேடம் போடும்; கால்ரெட்டினின் என்ற புரதத்துக்கான சாயத்தை ஏற்றால் அது உள்ளுறைச் செல் வகை என்றும், டி.டி.எஃப்.-1 என்ற புரதத்துக்கான சாயத்தை ஏற்றால் நுரையீரலிலிருந்து வந்திருக்கக்கூடும் என்றும் பிரித்தறிய வழி கிடைக்கிறது. நுரையீரல் புற்றுநோயில் எந்த மாத்திரை பலிக்கும் என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றத்தையும், பயாப்ஸி தாங்காத நோயாளிக்கு, இதே செல்களிலிருந்து பார்த்துவிடலாம்.

அதற்குச் செல்கள் வேண்டும். சில மருத்துவமனைகளில் ஒன்றரை லிட்டர் நீரை இறக்கிக் கழிவுத் தொட்டியில் ஊற்றிவிட்டு, ஐந்து மில்லியை மட்டும் சிரிஞ்சில், அதுவும் மறுநாள் காலையில் அனுப்புகிறார்கள். குறைந்தது ஐம்பது மில்லி அனுப்புங்கள். தாமதமானால் குளிர்பெட்டியில் வையுங்கள்.

இப்படிக்கு,
நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர்,
மதுரை