உறைபனிக் காலத்தில் புல்தரையும் பூங்கன்றுகளும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி முடியும் வரை எங்கள் கடையில் மலேசியன் புல், பிகோனியா, கோலியஸ், பால்சம் ஆகியவற்றை விற்கப்போவதில்லை. முன்பணம் கட்டியவர்களுக்கு மார்ச் மாதம் கொடுப்போம். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கன்றுகள் கையிருப்பில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் நட்ட முதல் வாரத்திலேயே துகள் உறைபனி பிடித்துக் கருகும் என்று தெரிந்துகொண்டு அவற்றை உங்கள் கையில் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றை எப்படிக் காப்பாற்றுவது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கடையில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறோம்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நுவரெலியாவில் அது தரையில்தான் முதலில் பிடிக்கிறது. பகலில் வெயில் வாங்கிய தரை, இரவில் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். காற்று அடித்தால் மேலே உள்ள சற்றே சூடான காற்று கீழே கலக்கும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் புல் நுனி உறைநிலைக்குக் கீழே போய்விடுகிறது. காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் பனித்துகளாகப் படிகிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஓர் ஆள் மார்பளவு உயரத்தில் இருப்பது. புல்லின் மட்டத்தில் அதைவிடச் சில பாகை குறைவாக இருக்கும். செய்தியில் 4 பாகை செல்சியஸ் என்று சொன்ன காலையிலும் உங்கள் முற்றம் வெள்ளையாகக் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். குதிரைப் பந்தயத் திடலும் கோல்ஃப் திடலும் வெளுத்துக் கிடக்கும் அதே காலையில், மேட்டில் இருக்கும் வீட்டுத் தோட்டத்தில் வெறும் ஈரம் மட்டும் இருக்கும். தேயிலை மலையிலும் பள்ளமான பகுதியில்தான் முதலில் கொழுந்து கருகுகிறது. ஒரே தோட்டத்துக்குள்ளும் இந்த வித்தியாசம் உண்டு. சரிவின் கீழ்ப்பக்கத்தில் அடர்த்தியான வேலியோ மதிலோ இருந்தால் குளிர் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி நிற்கும். அப்படிப்பட்ட இடம் என்றால் வேலியின் அடிப்பகுதியில் இரண்டடி அகலத்துக்குக் கிளைகளைக் கழித்துவிடுங்கள். செலவில்லாத வேலை, பலன் பெரிது. வேலி அழகு கெடும் என்று பலர் இதைச் செய்வதில்லை. எங்களைக் கேட்டால், முதலில் செய்ய வேண்டியதே இதுதான்.

எந்த இரவில் பனி பிடிக்கும் என்பதை மாலையிலேயே ஓரளவு கணிக்கலாம். வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்து, பகல் முழுக்க நீல வானம், பொழுது சாயும்போது இலை கூட அசையாத அமைதி, இரவு எட்டு மணிக்கே விரல் விறைக்கிற குளிர், நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிவது, இவையெல்லாம் சேர்ந்து வந்தால் தயாராகிவிடுங்கள். மூட்டமான இரவில் அவ்வளவு பயமில்லை.

முதல் வேலை தண்ணீர். காய்ந்த மண்ணைவிட ஈர மண் பகல் சூட்டை அதிகமாகப் பிடித்து வைக்கும், இரவில் மெல்ல விடும். அதனால் காலை பத்து மணிக்கும் மதியத்துக்கும் இடையில் வேரடியில் நன்றாக ஊற்றுங்கள். பின்னேரம் இலை நனைய ஹோஸ் பிடிக்க வேண்டாம்.

அப்புறம் மூடுவது. நாங்கள் பார்த்த அளவில் அதிகம் பேர் தவறு செய்வது இதில்தான். செடியின் தலையில் ஒரு பையைக் கவிழ்த்துத் தண்டோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். சூடு வருவது மண்ணிலிருந்து. கீழே கட்டிவிட்டால் அது உள்ளே போக வழி ஏது? நான்கு பக்கமும் குச்சி நட்டு, அதன் மேல் சாக்கையோ பழைய சேலையையோ விரித்து, ஓரம் தரையைத் தொட்டுக் கிடக்கும்படி கல் வைத்துவிடுங்கள். துணி இலையில் படக்கூடாது. மாலை ஐந்து மணிக்குள், மண்ணில் சூடு இருக்கும்போதே மூட வேண்டும். காலை எட்டரை ஒன்பது மணிக்கு, பனி கரைந்த பிறகு எடுத்துவிட வேண்டும். பொலித்தீனை நேரடியாகப் போடுவது நல்லதல்ல. அது தொடுகிற இடத்தில் இலை உறையும், வெயில் ஏறியதும் உள்ளே புழுங்கும். வேறு எதுவும் இல்லையென்றால் குச்சிகளை உயரமாக நட்டு அதன் மேல் போடுங்கள்.

சாடியில் உள்ள செடிகளுக்குத் தரையில் உள்ளவற்றைவிட ஆபத்து அதிகம். வேரைச் சுற்றிக் கொஞ்சம் மண்தான் இருக்கிறது, அதுவும் நாலாபுறமும் குளிரும். தாழ்வாரத்துக்குள் சுவரோரமாக நகர்த்தி, ஒன்றோடொன்று நெருக்கமாக வையுங்கள். பகல் வெயில் விழும் சுவராக இருந்தால் இன்னும் நல்லது. லயத்து வாசலில் ஜெரேனியம் வைத்திருப்பவர்கள் கூரை விளிம்புக்கு உள்ளே ஓரடி தள்ளி வைத்தாலே பெரும்பாலும் தப்பிவிடும். வானம் நேரடியாகத் தெரியாத இடத்தில் உறைபனி பிடிப்பது அரிது.

மண்ணில் நட்டவற்றின் அடியில் காய்ந்த மானாப்புல்லை மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள், அழுகும். இது வேருக்குப் பாதுகாப்பு. இலைக்கு இது உதவாது, அதற்கு மேலே சொன்ன மூடுதல் வேண்டும்.

இனி புல்தரை. உறைபனி பிடித்த காலையில் குனிந்து ஒரு புல்லைப் பாருங்கள். இலையின் இரு ஓரங்களிலும் நடு நரம்பிலும் பொடிப்பொடியாக வெள்ளைத் துகள் வரிசையாக ஒட்டியிருக்கும், இலை கண்ணாடிக் குச்சி போல விறைத்து நிற்கும். அந்த நேரத்தில் மேலே நடந்தால் உள்ளே உறைந்திருக்கும் திசு நொறுங்கிவிடும். அன்று ஒன்றும் தெரியாது. ஓரிரு நாளில் ஒவ்வொரு காலடியும் முதலில் கருநிறமாகவும் பிறகு வைக்கோல் நிறமாகவும் தோன்றும், வாரக்கணக்கில் மறையாது. சுற்றுலா விடுதி நடத்துபவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறோம்: விருந்தினர்கள் பனியைப் பார்த்ததும் படம் எடுக்கப் புல்லில் இறங்குவார்கள். முதல் நாள் இரவே ஒரு கயிறு கட்டி, பாதையில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

கிகுயு புல் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். மேலே மஞ்சளாகிக் காய்ந்தது மாதிரி ஆனாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டு உயிரோடு இருக்கும், மார்ச் மழைக்குத் துளிர்த்துவிடும். அகல இலை மலேசியன் புல் சூடான இடத்துக்குரியது. அது பட்டுப்போன இடத்தில் திட்டுத் திட்டாக மண் தெரியும். இரண்டுக்கும் பொதுவாகச் சொல்வது: இரண்டு மாதத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டாதீர்கள், இரண்டு அங்குல உயரமாவது விடுங்கள். யூரியா போட வேண்டாம். யூரியாவில் வரும் இளம்பச்சைத் துளிர் தண்ணீர் நிறைந்தது, முதலில் உறைவது அதுதான்.

மீப்பிலிமான, கந்தப்பளைப் பக்கம் உருளைக்கிழங்குச் செய்கையாளர்கள் அதிகாலையில் தண்ணீர் அடிப்பதைப் பார்த்து, நாங்களும் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். செய்யலாம், ஆனால் அரைகுறையாகச் செய்தால் கெடுதல். குழாய்த் தண்ணீர் பனியைவிடப் பல பாகை சூடு. வெயில் படுவதற்கு முன், ஆறு மணியளவில், இலையில் உள்ள துகள் முழுக்கக் கரைந்து வழியும் வரை அடிக்க வேண்டும். லேசாகத் தெளித்துவிட்டு நிறுத்தினால் அந்தத் தண்ணீரே உறையும். வெயில் ஏறிய பிறகு அடிப்பதில் பயனில்லை. உறைந்த இலை திடீரென்று சூடாகும்போதுதான் சேதம் கூடுகிறது, அதனால் கிழக்குப் பார்த்த பாத்திகளுக்கு முதலிடம் கொடுங்கள். வெந்நீர் ஊற்றவே வேண்டாம்.

சரி, எல்லாம் செய்தும் கருகிவிட்டது. அப்போது கத்தியைத் தேடாதீர்கள். கருகிய இலை பார்க்க அசிங்கமாக இருந்தாலும், அடுத்த பனியைத் தான் வாங்கிக்கொண்டு கீழே உள்ள மொட்டைக் காக்கும். இப்போது வெட்டினால் புதுத் துளிர் வரும், அடுத்த உறைபனி அதையும் தின்னும். பெப்ரவரி கடைசி வரை பொறுத்து, நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. அந்தப் பச்சை எங்கே தொடங்குகிறதோ அங்கே வெட்டுங்கள். ஹைட்ரேஞ்சியா, ஃபியூஷியா இரண்டும் செத்துவிட்டன என்று பிடுங்கி எறியப்பட்டு, உண்மையில் அடியில் உயிரோடு இருந்தவை எத்தனையோ. டேலியாவின் தலை கருகினால் தண்டை வெட்டிவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விடுங்கள், மேலே மானாப்புல் போட்டால் போதும்.

ரோஜாவை ஏப்ரல் சீசனுக்குப் பூக்க வைக்க வேண்டும் என்று தை பிறந்ததும் கவ்வாத்து பண்ணும் வழக்கம் இங்கே உண்டு. மேட்டு வீடு என்றால் சரி. பள்ளத்தில் இருப்பவர்கள் பெப்ரவரி இரண்டாம் வாரம் வரை தள்ளிப்போடுங்கள். பூ கொஞ்சம் பிந்தி வரும், ஆனால் வரும்.

இந்த மாதங்களில் தோட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது என்றால் பான்சி, அன்டிரினம், டயான்தஸ் வாங்குங்கள். இவை உறைபனியில் தலை சாய்ந்தாலும் மதியத்துக்குள் நிமிர்ந்துவிடும். மரக்கறிப் பாத்தியில் லீக்ஸ், கோவா, கரட் தாங்கும். போஞ்சியும் தக்காளியும் தாங்காது. ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு உறைபனி எட்டுவது அரிது, நீங்கள் மேலே சொன்னதில் பெரும்பகுதியை விட்டுவிடலாம்.

பழைய சணல் சாக்குகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம். எங்களிடம் கன்று வாங்கியவர்கள் தேவைக்குத் தகுந்தபடி எடுத்துக்கொள்ளலாம், பணம் வேண்டாம், மார்ச்சில் திருப்பித் தந்தால் போதும். கருகிய செடி பிழைக்குமா என்று சந்தேகம் இருந்தால் ஒரு கிளையை வெட்டிக் கொண்டு வாருங்கள், அல்லது தொலைபேசியில் படம் எடுத்து வந்து காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறோம். ஜனவரி முழுவதும் காலை ஒன்பதரைக்குத்தான் கடை திறப்போம், அதுவரை எங்கள் கன்றுகளின் மூடுதுணிகளை எடுக்கும் வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பூங்கன்றுக் கடையினர்
நுவரெலியா