வடக்கு நோக்கித் திறந்த விரிகுடாக்களை இரவுத் தங்கலுக்குப் பரிந்துரைத்தது குறித்த புகார்

அனுப்புநர்:
கடந்த ஆகஸ்டில் லாவ்ரியோ துறைமுகத்தில் தங்கள் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்த வாடிக்கையாளர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தங்கள் பயணத் திட்டத் தாளில் உள்ள ஆபத்தான நங்கூரத் தங்கலிடங்கள், குறைவான நங்கூரச் சங்கிலி, வைப்புத் தொகையில் செய்த பிடித்தம் ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கிரேக்கத்தின் சிக்லடீஸ் தீவுகளைச் சுற்றிவரத் தங்களிடம் படகு எடுத்தபோது, ஒவ்வொரு இரவும் எந்த விரிகுடாவில் நங்கூரமிட்டுத் தங்கலாம் என்று குறிப்பிட்டு, தாங்கள் தமிழில் அச்சிட்டுத் தந்த பயணத் திட்டத் தாள் குறித்தே இந்தப் புகாரை எழுதுகிறேன். அந்தத் தாளில் கடற்கரையின் அழகும் உணவகங்களின் தரமும் தண்ணீரின் நிறமும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. ஆனால் எந்த விரிகுடா எந்தத் திசைக் காற்றுக்கு மறைவானது, அடியில் இருப்பது மணலா புல்லா பாறையா என்ற இரண்டு விவரங்கள் மட்டும் ஓர் இடத்திலும் இல்லை. நங்கூரமிடுபவருக்கு முதலில் தேவைப்படுபவை அந்த இரண்டும்தான்.

ஏஜியன் கடலில் கோடைக்காலம் முழுவதும் வீசும் மெல்டெமி என்ற வறண்ட வடக்குக் காற்றைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பால்கன் பகுதியின் மேல் உயர் காற்றழுத்தமும் அனத்தோலியாவின் மேல் தாழ்வழுத்தமும் நிலைகொள்ளும்போது எழும் இக்காற்று, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் உச்சத்தை அடைந்து, சிக்லடீஸ் தீவுகளின் நடுப்பகுதியில், காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 6, 7 என்று நாள்கணக்கில் நிற்காமல் வீசக்கூடியது. வானத்தில் மேகம் இருக்காது. காற்றழுத்தமானியும் பெரிதாக எச்சரிக்காது. ஏதென்ஸை ஒட்டிய சரோனிக் வளைகுடாவில் பெரும்பாலும் இரவில் அடங்கிவிடும் இக்காற்று, சிக்லடீஸில் விடிய விடிய வீசும் என்பதும் படகு வாடகைத் தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும். அப்படியிருக்க, ஆகஸ்டு மாதத்துக்கென்றே தயாரித்ததாகத் தலைப்பிட்ட தாளில், செரிஃபோஸ் தீவின் வடகரையில் வடக்குக்கு வாய் திறந்து கிடக்கும் சிகாமியா விரிகுடாவை ‘அமைதியான இரவுத் தங்கல், நல்ல பிடிமானம்’ என்று எப்படி எழுத முடிந்தது என்பதே என் முதல் கேள்வி.

நாங்கள் அங்கே சேர்ந்த பிற்பகலில் காற்று மிதமாகவே இருந்தது. மாலையில் காற்று வலுக்கும் என்ற வானிலை அறிவிப்பைக் கேட்டிருந்ததால், வெளிறிய பச்சையாகத் தெரிந்த ஒரு சிறிய மணல் திட்டைத் தேடி, சுமார் 8 மீட்டர் ஆழத்தில் நங்கூரத்தை இறக்கினோம். சுற்றிலும் கருமையாகப் படர்ந்திருந்தது பொசிடோனியா என்ற கடற்புல். அதன் இலையும் வேரும் பாய்போல் பின்னிக் கிடப்பதால் நங்கூரத்தின் முனை மணலுக்குள் இறங்காமல் மேலேயே சறுக்கிப் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிட உத்தரவின்படி அது பாதுகாக்கப்பட்ட புல்வெளி என்பதால், அதன்மேல் நங்கூரமிட்டுக் கிழிப்பது முறையும் அன்று. ‘நல்ல பிடிமானம்’ என்று எழுதியவர் அந்த நீரை ஒருமுறையாவது எட்டிப் பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

காற்று வலுக்கத் தொடங்கியதும் சங்கிலியை மேலும் விட முயன்றோம். நீரின் ஆழத்தோடு படகின் முகப்பு உயரத்தையும் சேர்த்தால் 9 மீட்டர்; காற்று வலுக்கும்போது அதைப்போல் ஏழு மடங்கு, அதாவது ஏறத்தாழ 63 மீட்டர் சங்கிலி வேண்டும். தங்கள் பொருள்பட்டியலில் 60 மீட்டர் என்று இருந்ததால் போதும் என்றே நம்பினோம். ஆனால் பாதி தூரத்தைத் தாண்டிய சிறிது நேரத்தில், முகப்பு உருளையின் மேல் சங்கிலியின் கடைசி வளையமும், அதில் முடிச்சிட்டிருந்த வெளுத்துப்போன மெல்லிய நைலான் கயிறும் வந்து நின்றன. பயணம் முடிந்து லாவ்ரியோ துறைமேடையில் தங்கள் ஊழியரின் முன்னிலையிலேயே அச்சங்கிலியை விரித்து அளந்தபோது, அதன் நீளம் 35 மீட்டர். அறுந்த பகுதியை முந்தைய பருவத்தில் வெட்டிவிட்டதாகவும், பட்டியலைத் திருத்த மறந்துவிட்டதாகவும் அவர் சொன்னார். படகை ஒப்படைக்கும்போது சங்கிலியை இறக்கி அளந்து காட்டுமாறு நாங்கள் கேட்டதற்கு, “எல்லாம் சரியாக இருக்கிறது; நீளத்தைக் காட்டும் நிற அடையாளம் மட்டும்தான் அழிந்துவிட்டது” என்று பதில் சொல்லி அனுப்பியவரும் அதே ஊழியர்தான்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் படகின் மேல் அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 15 கடல் மைல் வேகக் காற்றில் பிடித்து நிற்கும் நங்கூரம் 30 கடல் மைல் வேகத்திலும் நிற்கும் என்று எண்ண இடமில்லை. கரையிலிருந்த ஒரு மரத்தையும் அதன் பின்னால் இருந்த பாறையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். சூரியன் மறைவதற்கு முன்பே மரம் பாறையைவிட்டு விலகத் தொடங்கியது. நங்கூரம் நகர்கிறது என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை. பின்னால் இருந்ததோ கரை. புல்லும் சேறும் அப்பிய நங்கூரத்தை எதிர்காற்றில் வின்ச் என்ற நங்கூரம் தூக்கும் பொறி முனகியபடி தூக்க, விரிகுடாவை விட்டு வெளியேறி, தீவைச் சுற்றித் தென்கிழக்கில் உள்ள லிவாடி விரிகுடாவுக்குச் சென்றோம். மணலும் சேறும் கலந்த அடி. ஐந்து மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் இடம் கிடைத்ததால் அந்த 35 மீட்டர் சங்கிலியே அங்கு போதுமானதாக இருந்தது. மேலே தீவின் தலைமை ஊரான கோராவின் குன்றிலிருந்து இறங்கிய காற்று வீச்சு வீச்சாக அடித்ததே தவிர, அலை உள்ளே வரவில்லை. உயர்ந்த தீவுகளின் காற்று மறைவில் இத்தகைய வீச்சுகள் திறந்த கடலைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். இதையும் தங்கள் தாள் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். தெற்கே திறந்த அதே லிவாடியை ‘எல்லாக் காற்றுக்கும் பாதுகாப்பானது’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். தென்காற்று வீசும் நாளில் யாரேனும் அதை நம்பினால், சிகாமியாவில் எங்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கு அங்கே நேரும்.

தாளின் எஞ்சிய பகுதியும் இதே தரத்தில்தான் இருக்கிறது. மிகோனோஸ் தீவில் தெற்கே ஒர்னோஸும், அருகே ரினியா தீவின் தென்விரிகுடாக்களும் வடக்குக் காற்றுக்கு மறைவாக இருக்க, வடகரையில் உள்ள பனோர்மோஸில் இரவு தங்கச் சொல்கிறீர்கள். சிஃப்னோஸ் தீவின் மேற்குக் கரையில், குறுகிய வாயுடன் ஏறத்தாழ வட்டமாக மூடிக்கிடக்கும் வாதி விரிகுடா, மணல் அடியோடு, மெல்டெமி நாளுக்கென்றே வாய்த்த இடம். அதன் பெயரே தாளில் இல்லை. போதாக்குறைக்கு, மிகோனோஸைக் கடைசி நிறுத்தமாக வைத்து, அங்கிருந்து 60 கடல் மைலுக்கும் அதிகமான தூரத்தை, காற்றும் அலையும் வலது முகப்பில் மோத, ஒரே நாளில் கடந்து லாவ்ரியோ திரும்பச் சொல்கிறது அந்தத் திட்டம். படகை ஒப்படைக்கும் கெடுவுக்குப் பயந்து, கரையில் இருக்க வேண்டிய நாளில் மக்கள் கடலில் இறங்குவதற்கு இப்படிப்பட்ட திட்டங்களே காரணம். எனவே நாங்கள் மிகோனோஸுக்குச் செல்லாமல் வாதியில் காத்திருந்து, காற்று தணிந்த இடைவெளியில் திரும்பினோம்.

என் முதல் மின்னஞ்சலுக்குத் தாங்கள் அனுப்பிய பதிலில், ஒப்பந்தப்படி தங்கலிடத்தைத் தேர்வதும் படகின் பாதுகாப்பும் படகுத் தலைவரின் பொறுப்பு என்றும், பரிந்துரைத்த வழியை நாங்களே மாற்றியதால் இழப்பீடு கோர முடியாது என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். பொறுப்பு படகுத் தலைவருடையது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பொறுப்பின்படியே சிகாமியாவை விட்டு வெளியேறினோம், பனோர்மோஸையும் தவிர்த்தோம். ஆனால் 60 மீட்டர் என்று எழுதிக் கையொப்பமிட்டு 35 மீட்டர் தருவது படகுத் தலைவரின் பொறுப்பில் எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்று தாங்கள் விளக்க வேண்டும். வின்ச்சின் மோட்டார் பழுதுக்காக எங்கள் வைப்புத் தொகையில் பிடித்தம் செய்திருப்பது எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. தாங்கள் சொன்ன இடத்தில், தாங்கள் தந்த குறைச் சங்கிலியோடு, கரையில் மோதாமல் படகைக் காப்பாற்றி எடுத்து வந்ததற்கான கட்டணமாகவே அதை நாங்கள் காண்கிறோம்.

ஆகவே, வைப்புத் தொகையில் பிடித்த பணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும் என்றும், பொருள்பட்டியலுக்கு மாறான நங்கூரச் சங்கிலியுடன் படகை ஒப்படைத்ததற்காக வாடகையில் உரிய பகுதியை ஈடாக வழங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பணத்தைவிட அவசரமானது அந்தத் தாள். ஒவ்வொரு தங்கலிடத்துக்கும் நேராக, அது எத்திசைக் காற்றுக்குத் திறந்தது, அடி எத்தகையது, ஆழம் என்ன, காற்று மாறினால் அருகில் ஒதுங்க வேறு இடம் எது என்று எழுதித் திருத்தும்வரை, அதை வேறு எந்த வாடிக்கையாளருக்கும் தர வேண்டாம். தங்களிடமுள்ள எல்லாப் படகுகளின் சங்கிலியையும் அளந்து, பத்து மீட்டருக்கு ஒரு நிற அடையாளமிட்டு, ஒப்படைக்கும்போது வாடிக்கையாளர் முன் இறக்கிக் காட்டும் வழக்கத்தையும் ஏற்படுத்த வேண்டும். ஒரு படகுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

சங்கிலியை அளந்தபோது எடுத்த படங்கள், தங்கள் ஊழியர் கையொப்பமிட்ட பொருள்பட்டியல், பயணத் திட்டத் தாளின் நகல், படகின் பதிவேட்டில் அன்று மாலை எழுதிய பக்கம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். 30 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்