பானையில் வைத்த முட்டைகள்

தேவிபட்டினம்

அன்புள்ள முருகேசா,

நலம், நலமறிய ஆவல். உன் முந்தைய கடிதத்துக்கு நான் பதில் எழுதாததற்கான திட்டு முழுவதையும் நேரில் வரும்போது கொடுத்துவிடு. இப்போது எழுதக் காரணம் எங்கள் வீட்டுக் கோழிகள். சிரிக்காதே.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருப்பதால், சிறுவிடைக் கோழிகள் இடும் முட்டைகளை விற்காமல் அரிசிப் பானையில் சேர்த்து வைத்திருந்தோம். சென்ற வாரம் அவளுக்கு ஆம்லெட் போடுவதற்காக என் மனைவி ஒன்றை உடைத்தபோது, கிண்ணத்தில் விழுந்த வெள்ளைக்கரு இளஞ்சிவப்பாக இருந்தது. அடுத்ததும் அப்படியே. மஞ்சள்கருவின் நிறமும் மங்கியிருந்தது. அத்தை உடனே கண்ணேறு என்று மிளகாயும் உப்பும் எடுத்துவிட்டார்கள். ரேடியோ சித்தப்பாவோ, கரையில் கிடக்கும் மீன் கழிவைக் கொத்தியதால்தான் என்று தெருமுனைவரை ஒலிபரப்பிவிட்டார். மீன் கழிவைத் தின்றால் முட்டையில் கவிச்சி வாடை வரலாம்; சிவப்பு எங்கிருந்து வரும்?

எனக்கு ஒரு குறிப்பு கிடைத்தது. அன்று காலையில் இட்ட முட்டையை உடைத்தால் ஒரு குறையும் இல்லை, வைத்திருந்தவைதாம் சிவந்திருந்தன. ஆகவே கோளாறு இடும்போது தெரிவதில்லை, இருக்க இருக்கத்தான் வெளிப்படுகிறது. பிறகுதான் மாட்டுத் தொட்டியைக் கவனித்தேன். கறவை மாட்டுக்கு ஊறவைத்து ஆட்டும் பருத்திக்கொட்டையில் சிந்துவதையெல்லாம் கோழிகள் ஒன்றுவிடாமல் பொறுக்கித் தின்கின்றன. பருத்திக்கொட்டையின் எண்ணெயில் உள்ள சிலவகைக் கொழுப்பு அமிலங்கள் மஞ்சள்கருவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வின் தடுப்பைத் தளர்த்திவிடுகின்றன. அதன் வழியே மஞ்சள்கருவிலிருக்கும் இரும்புச்சத்து மெல்லக் கசிந்து, வெள்ளைக்கருவில் உள்ள கோனால்புமின் என்ற புரதத்தோடு சேரும்போது இந்தச் சிவப்பு பிறக்கிறது. இதில் என்னை வியக்கவைத்தது, கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காமல் பிடித்து வைத்துக்கொண்டு முட்டையைக் காப்பதும் அதே புரதந்தான் என்பது. இலவங்கொட்டையிலும் பருத்திக் குடும்பத்துக் களைகள் சிலவற்றிலும் இதே அமிலங்கள் உண்டு. ஆகவே தொட்டியை மட்டும் மூடினால் போதாது போலிருக்கிறது.

இதற்கிடையில், புது முட்டையின் வெள்ளைக்கரு சற்றுக் கலங்கலாக இருந்ததைக் கண்டும் மகள் முகம் சுளித்தாள். அது கெட்டதன் அடையாளம் அன்று. புதிய முட்டையில் கரைந்திருக்கும் கரியமில வாயு ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறியபின் தானே தெளிந்துவிடும். வெள்ளைக்கருவில் தெரியும் இலேசான பச்சை கலந்த மஞ்சள் சாயல், ரிபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமினால் வருவது. சென்னையில் பெட்டி முட்டை வாங்கும் உனக்கு இந்தக் கலங்கலைப் பார்க்கும் பாக்கியம் எங்கே?

ஆனால் ஒரு விஷயத்தில் நான் விளையாடவில்லை. சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் புகுந்து கெட்ட முட்டையிலும் சிவப்போ பச்சையோ தோன்றும். பார்வையால் மட்டும் இரண்டையும் பிரித்தறிய என்னால் இயலாது என்பதால், நாற்றம் இல்லாவிட்டாலும் பானையில் இருந்த அத்தனையையும் குழியில் கொட்டி மூடினேன். நிறைமாதப் பெண் இருக்கும் வீட்டில் சிக்கனம் பார்ப்பதா? அத்தைக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. கோடையில் அடை வைத்ததில் பாதிக்குமேல் கூமுட்டையாகப் போனதற்கும் பருத்திக்கொட்டையே காரணமாயிருக்கலாம் என்று இப்போது சந்தேகிக்கிறேன். அந்த அமிலங்கள் குஞ்சு பொரிப்பதையும் குறைக்கும்.

கமுதியில் உன் தங்கை வீட்டிலும் மாட்டுக்குப் பருத்திக்கொட்டைதானே, முற்றம் நிறையக் கோழியும் உண்டே. சில முட்டைகளைச் சேர்த்து வைத்திருந்து, பிறகு உடைத்துப் பார்த்து நிறத்தை எனக்கு எழுதச் சொல். சாப்பிட வேண்டாம் என்றும் சொல். உன் மச்சானுக்கு இரண்டு முறை சொல்.

அன்புடன்,
சேது