அரசியலுக்குப் போகும் எங்கள் பணத்தின் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்

பெறுநர்: தலைவர் மற்றும் உறுப்பினர்கள், இலங்கை பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு, பணிப்பாளர் சபை, கொழும்புப் பங்குச் சந்தை. உலக வர்த்தக மையம், கொழும்பு 01.

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

கம்பனிகள் கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் பணம் கொடுப்பது நாடறிந்த விஷயம். அதை உங்களுக்கு நான் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்ற மூன்றும் பங்குதாரருக்குத் தெரிய வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பனியும் தன் அரசியல் நன்கொடைகளைத் தனியாகப் பிரித்து, பெறுநரின் பெயரோடு ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும் என்று பட்டியலிடல் விதிகளில் ஒரு விதியைச் சேருங்கள். எதுவும் கொடுக்காத கம்பனி, கொடுக்கவில்லை என்று எழுதிக் கையொப்பமிடட்டும்.

இதை இப்போது எழுத வைத்தது அண்மையில் நடந்த ஒரு ஆண்டுப் பொதுக்கூட்டம். கம்பனியின் பெயர் வேண்டாம். பெயரை மாற்றிப் போட்டாலும் கதை மாறாது. இந்தக் கூட்டங்களின் அறிவித்தலை நீங்கள் தினமும் பார்க்கிறவர்கள். நிதிக்கூற்று, பங்கிலாபம், பணிப்பாளர் மீள்தெரிவு, கணக்காய்வாளர் நியமனம் எல்லாம் முடிந்து அடிவரியில் ஒன்று வரும்: எதிர்வரும் ஆண்டுக்கான நன்கொடைகளைத் தீர்மானிக்கப் பணிப்பாளர்களுக்கு அதிகாரமளித்தல். அதில் உச்சவரம்பு இல்லை. என்ன நோக்கத்துக்கு என்றும் இல்லை. ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், இணையவழிக் கூட்டம் என்றால் திரையில் 'நிறைவேறியது' என்று ஒரு வரி தோன்றும். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகாது.

அந்தத் தீர்மானத்துக்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்டேன். போன ஆண்டு நன்கொடை என்று காட்டிய தொகையில் அரசியல் கட்சிக்கோ வேட்பாளருக்கோ போனது ஏதும் உண்டா? கேள்வியை விதிப்படி முன்கூட்டியே கம்பனிச் செயலாளருக்கு எழுத்தில் அனுப்பியும் இருந்தேன். சட்டம் கேட்பது மொத்தத் தொகையை, மொத்தத் தொகை அறிக்கையில் இருக்கிறது, அடுத்த விடயத்துக்குப் போவோம் என்றார்கள். அவ்வளவுதான். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சட்டத்தைப் பற்றி அவர்கள் சொன்னது சரிதான், அதுதான் எனக்கு வலிக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 168 ஆம் பிரிவு, கணக்காண்டில் கொடுத்த நன்கொடைகளின் மொத்தத்தை ஆண்டறிக்கையில் சொன்னால் போதும் என்கிறது. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொடுத்ததும், வெள்ள நிவாரணத்துக்குக் கொடுத்ததும், ஒரு வேட்பாளரின் பிரசாரத்துக்குக் கொடுத்ததும் ஒரே இலக்கத்துக்குள் போய்விடலாம். அதே அறிக்கையில் எத்தனை மரக்கன்று நட்டார்கள், எத்தனை பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்தார்கள் என்பதற்கு வண்ணப் படத்தோடு பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. நன்கொடைக்கு ஒரு வரி.

அந்த ஒரு வரிக்குள் வராதவையும் உண்டு. அது எனக்கு நேரடியாகத் தெரியும். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். தேர்தல் அறிவித்த கையோடு மேலிடத்திலிருந்து துண்டுகள் இறங்கும். இன்ன அச்சகத்துக்கு இவ்வளவு. இன்ன மண்டபத்துக்கு வாடகை. இரண்டு வான், சாரதியோடும் டீசலோடும், இன்ன திகதிவரை. அச்சகத்தின் பற்றுச்சீட்டில் சுவரொட்டி என்றே இருக்காது. 'அச்சு வேலை' என்று மட்டும் இருக்கும். வவுச்சரில் 'விற்பனை மேம்பாடு' என்று குறிப்பார்கள். வான்களின் செலவு போக்குவரத்துக் கணக்கில் போய்ச் சேரும். ஆண்டு முடிவில் நன்கொடை என்ற தலைப்பில் இவற்றில் ஒரு சதமும் இருக்காது. கணக்காய்வுக்கு வரும் இளம் பிள்ளைகள் வவுச்சரில் இரண்டு கையொப்பம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கூட்டுத்தொகை சரியா என்று பார்ப்பார்கள், போவார்கள். அந்தச் சுவரொட்டி எந்த மதிலில் ஒட்டப்பட்டது என்று கேட்கும் வேலை அவர்களுடையது அல்ல.

ஆகவே விதி எழுதும்போது காசோலையை மட்டும் மனதில் வைத்து எழுதாதீர்கள். பொருளாக, சேவையாக, வாகனமாக, கட்டடமாகக் கொடுத்ததும் சந்தைப் பெறுமதியில் வர வேண்டும். துணைக் கம்பனிகள் கொடுத்ததும் வர வேண்டும். மூன்றாம் ஆள் ஊடாக, ஒரு விளம்பர நிறுவனம் ஊடாக, ஒரு அறக்கட்டளை ஊடாகப் போனதும் வர வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரி எப்போதும் பூச்சியமாகவே இருக்கும்.

தேர்தல் செலவுச் சட்டம் இருக்கிறதே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்று வரம்பு வைத்தார்கள். ஒரு வேட்பாளருக்கு அது 186 கோடி ரூபாவுக்கு மேல் வருகிறது. முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். பெயர் தெரியாதவரிடமும் வெளிநாட்டுக் கம்பனியிடமும் வாங்கக் கூடாது. எல்லாம் நல்லதே. ஆனால் அந்தச் சட்டம் வாங்குகிறவரைக் கேட்கிறது, அதுவும் தேர்தலை ஒட்டி மட்டும் கேட்கிறது. கொடுக்கிறவரிடம் கேட்க யாரும் இல்லை. வாங்கியவர் ஒரு தொகையை எழுதுகிறார். கொடுத்தவரின் புத்தகத்தில் அது இருக்கிறதா, எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழி இல்லை. கணக்கு வேலை தெரிந்த எவரும் ஒரு பக்கப் பதிவை மட்டும் வைத்துக் கணக்கை மூட மாட்டார். தேர்தல் இல்லாத ஆண்டுகளில் கைமாறுவதைப் பற்றியோ இந்தச் சட்டத்துக்குக் கவலையே இல்லை.

இது சில பங்குகள் வைத்திருக்கும் ஒரு ஓய்வூதியக்காரரின் பிரச்சினை என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். ஊழியர் சேமலாப நிதியம் பட்டியலிட்ட கம்பனிகளின் பங்குகளிலும் முதலிட்டிருக்கிறது. மாதாமாதம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டப்படுகிற, முதலாளி 12 வீதம் போடுகிற ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ இந்தக் கம்பனிகளின் பங்குதாரர்தான். புறக்கோட்டைக் கடைச் சிப்பந்தியும், கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் பிள்ளையும், ஹட்டனில் கொழுந்து பறிக்கும் அம்மாவும் அதில் அடக்கம். தான் வாக்களிக்க விரும்பாத ஒரு கட்சிக்குத் தன் பணம் போகிறதா என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லையா?

கொழுந்து பறிக்கிறவரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,700 ரூபாவாக்கி வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, செப்டெம்பரில் 1,350 ரூபாவில் வந்து நின்றது. நீதிமன்றம் போவது அவர்கள் உரிமை. அந்த வழக்கு திறந்த மன்றில் நடந்தது, யார் என்ன வாதிட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதே காலத்தில் தேர்தலும் வந்துகொண்டிருந்தது. எந்தத் தோட்டக் கம்பனி எந்த மேடைக்கு உதவியது, அல்லது எவருமே உதவவில்லையா என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு என்று விழா எடுத்தவர்கள் இதைச் சொல்லவில்லை. எனக்கு வரும் ஆண்டறிக்கைகள் ஆங்கிலத்தில் மட்டுமே வருகின்றன என்பதையும், சேமலாப நிதிக்குப் பணம் கட்டும் அந்த அம்மாவால் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்க முடியாது என்பதையும் பற்றி இன்னொரு மடல் எழுத வேண்டியிருக்கிறது. இப்போது கேட்டதற்கே திரும்புகிறேன்.

மறைத்து வைப்பதால் நடப்பது என்ன? 2020 ஒக்டோபரில் சீனி இறக்குமதி வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 25 சதமானது. கடையில் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. அரசுக்கு 1,500 கோடி ரூபாவுக்கு மேல் வருமானம் போயிற்று என்று பாராளுமன்றத்தின் அரசாங்க நிதிக் குழுவிலேயே பேசப்பட்டது. அந்த முடிவுக்கும் எந்த நன்கொடைக்கும் தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இருந்ததா இல்லையா என்று எந்தக் குடிமகனாலும் சரிபார்க்க முடியாத நிலையில் வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். 2018 இல், 2015 ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்துக்கு ஒரு சீன நிறுவனத்தின் கணக்கிலிருந்து குறைந்தது 76 இலட்சம் டொலர் போனதாக நியூயோர்க் டைம்ஸ் எழுதியது. நிறுவனமும் மறுத்தது, அந்தப் பிரசாரத்தின் வேட்பாளரான முன்னாள் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவும் மறுத்தார். மறுப்பை நம்புவதா செய்தியை நம்புவதா என்று தீர்மானிக்க எங்கள் கையில் ஒரு தாளும் இருக்கவில்லை. குற்றமற்ற கம்பனிக்கும் இதனால் நட்டம். தன் பெயரைத் துடைத்துக்கொள்ள அதனிடமும் ஒரு தாள் இல்லை.

கம்பனிகளின் பக்கத்து அச்சமும் எனக்குத் தெரியும். இன்ன கட்சிக்குக் கொடுத்தோம் என்று அச்சிட்டால், மற்றக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் அனுமதிப்பத்திரத்தில், கேள்விப்பத்திரத்தில், சுங்கத்தில் கைவைப்பார்கள். அச்சம் பொய்யில்லை. ஆனால் பணம் கேட்டு அந்தத் தொலைபேசி அழைப்பு வரும்போது ஒரு பணிப்பாளர் என்ன பாடுபடுகிறார் என்று வெளியில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விரும்பிக் கொடுப்பவரைவிட, மறுக்க வழி தெரியாமல் கொடுப்பவரே அதிகம். எல்லாப் பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து வைப்பதும் அதனால்தான். அதை நன்கொடை என்று எழுதினாலும் உள்ளே நடப்பது கப்பம். "ஐயா, கொடுக்கலாம், ஆனால் உங்கள் பெயரையும் தொகையையும் ஆண்டறிக்கையில் போட்டாக வேண்டும், பங்குச் சந்தையின் விதி" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்துப் பாருங்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் அத்தோடு தொலைபேசியை வைத்துவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் தனியாக மாட்டிக்கொள்ளும் கம்பனியும் இருக்காது.

மற்ற நாடுகள் இதை எப்போதோ செய்துவிட்டன. பிரித்தானியாவின் 2006 கம்பனிச் சட்டப்படி, பன்னிரண்டு மாதத்தில் 5,000 பவுணுக்கு மேல் அரசியலுக்குக் கொடுப்பதென்றால் முதலில் பங்குதாரர் தீர்மானம் வேண்டும். ஆண்டில் 2,000 பவுணைத் தாண்டினாலே பெறுநரின் பெயரும் தொகையும் பணிப்பாளர் அறிக்கையில் வர வேண்டும். எங்கள் கம்பனிச் சட்டங்கள் ஆதியில் அங்கிருந்து வந்தவைதாம். அயலில் இந்தியாவில், கொடுத்தவர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பெப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளியது. அடுத்த மாதமே எந்த நிறுவனம் எவ்வளவுக்குப் பத்திரம் வாங்கியது, எந்தக் கட்சி எவ்வளவு பணமாக்கியது என்ற பட்டியல்கள் பொதுவெளிக்கு வந்தன.

இங்கே பாராளுமன்றம் திருத்தம் கொண்டுவரும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்லாதீர்கள். நன்கொடை வாங்குகிறவர்கள்தான் அந்தத் திருத்தத்துக்குக் கை உயர்த்த வேண்டியவர்கள். உங்கள் கையிலோ 2021 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டம் இருக்கிறது. பட்டியலிடல் விதிகள் உங்கள் அங்கீகாரத்தோடுதான் மாறுகின்றன. 2023 இல் ஒன்பதாம் பிரிவைப் புதிதாக எழுதி, இலஞ்ச ஊழல் தடுப்புக் கொள்கை ஒவ்வொரு கம்பனிக்கும் இருக்க வேண்டும் என்றும் அது இணையத்தளத்தில் சொல்லப்பட வேண்டும் என்றும் வைத்தவர்கள் நீங்கள்தான். அரசியல்வாதிகளின் சொத்து விபரமே இன்று இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் கிடக்கிறது. அவர்களுக்குப் பணம் கொடுத்த கம்பனியின் பெயர் மட்டும் ஏன் இரகசியம்?

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்தருளுங்கள். உங்கள்மீது நம்பிக்கை இல்லாவிட்டால் எழுதியிருக்கவே மாட்டேன். வழமையாக நீங்கள் செய்வதுபோல், வரைவு விதியொன்றை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேளுங்கள். அது மூன்று மொழியிலும் வரட்டும். அரசியல் நன்கொடை தனித் தலைப்பில், பெறுநர் பெயரோடும் திகதியோடும், பொருளாகக் கொடுத்ததும் சேர்த்து, கணக்காய்வாளரின் உறுதியோடு வரட்டும். பெரும்பாலான கம்பனிகளின் கணக்காண்டு மார்ச் 31 இல் முடிகிறது; அடுத்த கணக்காண்டுக்காவது விதி நடைமுறைக்கு வரும்படி செய்யுமாறு பணிவன்போடு கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை எழுத்தில் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு சிறு பங்குதாரர்